மறு: 'ஊடுருவு நடைபாதை' – வேறு சொல் உண்டா?

> மழைநீரைக் கீழே விடும் சாலைப் பரப்புக்கு 'ஊடுருவு நடைபாதை' என்று வைத்துக்கொள்ளலாமே.

அன்புள்ள குழுவினருக்கு,

'பெர்மியபிள் பேவ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்த இந்தத் தமிழாக்கத்தின் இரண்டு பாதியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பேவ்மென்ட் என்றால் நமக்குச் சாலையோர மேடை; பொறியாளருக்கோ அடிமண் மேல் ஜல்லி தொடங்கி மேற்பரப்பு வரை அடுக்கிய சாலையின் முழு உடம்பு. அதற்குத் 'தளவரிசை' என்ற பழைய சொல் கிடக்கிறது. சுருக்கமாகத் 'தளம்' போதும். 'ஊடுருவு' என்றாலே எனக்கு எல்லைக் காவல்படைதான் நினைவுக்கு வருகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு நான்கு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா என்பது பேச்சு. தார், கச்சா எண்ணெயைக் காய்ச்சி எடுத்தபின் மிஞ்சும் அடிமண்டி. புதுத் தார்ச்சாலை தன்மேல் விழும் வெயிலில் 90 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிக்கொள்கிறது. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எங்கள் வீட்டு மூன்று படிகளில் இரண்டு புதைந்துவிட்டன. சிமெண்ட் சாலை வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஆனால் சிமெண்டுக்காகச் சூளையில் சுடும்போது தூய சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. எரிபொருளின் புகை தனி. அனல்மின் நிலையச் சாம்பலை ஒரு பங்கு சேர்த்தால் அந்தக் கணக்கு குறையும், நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது.

பேவர் பிளாக்கில்தான் சொல் சிக்கியது. போன ஐப்பசியில் பக்கத்துத் தெருவில் பதித்தார்கள். இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும் என்றார்கள். ஒரு குடம் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் வளைந்து நெளிந்து, எதிர்வீட்டுக் கோலத்தைக் கரைத்துக்கொண்டு வாசலுக்குள் போனது. (அந்த அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை.) பிறகு ஒரு கல் பெயர்ந்தபோது தெரிந்தது: அடியில் காங்கிரீட், இடுக்கெல்லாம் சிமெண்ட் சாந்து. ஆகவே 'நீர்புகு கல்' என்று முன்மொழிந்தவருக்கு என் மறுப்பு இது: பண்பு கல்லுக்கு உரியது அன்று; இடுக்கு, மணல், ஜல்லி, அடிமண் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு உரியது. மணலை அறவே குறைத்து, 15 முதல் 25 விழுக்காடு வரை வெற்றிடம் விட்டு வார்க்கும் காங்கிரீட்டும் அப்படித்தான். அதன் கீழே களிமண்ணை இறுக்கிவைத்தால் என்ன பயன்?

சரி, 'நீர்புகு தளம்'? 'நீர்புகா' என்பது ஏற்கெனவே மாடிப் பூச்சுக்கு வழங்குகிறது. ஒப்பந்தப்புள்ளியில் ஓரெழுத்து மாறினால் தெரு தலைகீழாகிவிடும்.

நான் முதலில் எழுதிவைத்தது 'வடிதளம்'. வடிகால், வடிகட்டி, கஞ்சி வடிப்பது என்று உறவினர் நிறைய உள்ள சொல். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரிந்த கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "வாட்டம் வைத்து வாய்க்காலுக்கு விடுவதுதானே சார்?" என்றார். அத்தோடு போயிற்று. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் வடிந்தது என்றால் ஆற்றுக்கும் கடலுக்கும் போனது என்றே பொருள். நமக்கு வேண்டியது நேர் எதிர். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும் இடத்தில் மழை நிலத்தடிக்குப் போக வேண்டும்.

"அப்படியானால் மண்ணுக்குள் போவதை என்னவென்பீர்கள்?" என்று அவரையே கேட்டேன். யோசிக்காமல் "இறங்கும்" என்றார்.

எனவே 'நீரிறங்கு தளம்'. இதிலிருந்து நீரிறங்கு காங்கிரீட், நீரிறங்கு தார்த்தளம், இறங்குவேகம் எல்லாம் தாமாகவே வருகின்றன. புழுதி நிரம்பி நுண்துளைகள் அடைபடுவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம்: தூர்ந்துபோதல், தூர்வாருதல். 'உறிஞ்சு தளம்' என்பதை முற்றாக ஒதுக்கவில்லை. உறிஞ்சுகுழி ஊராட்சி எங்கும் தெரிந்த சொல். ஆனால் அது பஞ்சுபோல் நீரைத் தானே வைத்துக்கொள்ளும் தளம் என்றும் கேட்கிறது.

ஓர் ஐயம் மட்டும். நீரிறங்கு தளமா, நீரிறக்கு தளமா? தன்வினை, பிறவினை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.