இமயமலைப் பனி 2035-க்குள் தீர்ந்துவிடும் என்று எழுதினார்களே, அது என்ன கதை?

கேள்வி: தென்காசி ஆசிரியை

எங்கள் பெரியப்பா மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிடும் ஆள் இல்லை. ஆனால் வீட்டில் யாராவது பருவநிலை மாற்றம் என்று வாயெடுத்தால் போதும், அவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்: "இமயமலைப் பனிப்பாறை எல்லாம் 2035-க்குள் காணாமல் போய்விடும் என்று ஐ.நா. குழு எழுதியது. பிறகு தப்பு என்று அதுவே ஒத்துக்கொண்டது. நோபல் பரிசு வாங்கிய குழு! மற்ற பக்கங்களின் லட்சணமும் அதுதான். இவர்கள் பேச்சைக் கேட்டு அனல் மின் நிலையத்தை மூட வேண்டுமாம்."

நான் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் வாதாட முடியவில்லை. அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருந்ததா? அத்தனை பேர் சரிபார்த்தும் எப்படி உள்ளே நுழைந்தது? இந்த மாதிரிச் சந்தேகங்கள் அரசாங்கங்களின் முடிவை உண்மையில் மாற்றியிருக்கின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மூங்கில் கம்பு

உங்கள் பெரியப்பா சொல்வதில் முதல் பாதி முழு உண்மை. அதை முதலில் அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

உங்கள் பெரியப்பா சொல்லும் ஐ.நா. குழுவின் பெயர் ஐ.பி.சி.சி. அதன் நான்காவது அறிக்கை 2007-இல் வந்தது. அதில் பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளைப் பார்க்கும் இரண்டாம் பணிக்குழுவின் தொகுதி, ஆசியா பற்றிய பத்தாம் அத்தியாயம். இப்போதைய வேகத்தில் போனால் 2035-க்குள்ளோ அதற்கு முன்போ இமயமலைப் பனிப்பாறைகள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று அங்கே இருந்தது. ஆதாரமாகக் காட்டியது ஓர் ஆய்விதழ்க் கட்டுரையை அல்ல, டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005-ஆம் ஆண்டு அறிக்கையை. அந்த அறிக்கைக்கு மூலம் 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தி. அந்தச் செய்திக்கு மூலம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சையத் ஹஸ்னைன் பேட்டியில் சொன்னது. அதற்கும் கீழே தோண்டினால் அளவீடு எதுவும் இல்லை. 1996-இல் ரஷ்ய ஆய்வாளர் கோட்லியாகோவ் எழுதிய யுனெஸ்கோ அறிக்கை ஒன்றில் 2350 என்ற ஆண்டு வருகிறது. அதுவும் உலகின் துருவங்களுக்கு வெளியே உள்ள பனிப்பாறைகள் பற்றியது. இலக்கம் இடம் மாறி 2035 ஆகியிருக்கலாம் என்று பலருக்குச் சந்தேகம் உண்டு.

உங்கள் பெரியப்பாவுக்குக் கணக்குப் பிடிக்கும் என்றால், அதே அத்தியாயத்து அட்டவணையில் பிண்டாரி பனிப்பாறை வரியைக் காட்டுங்கள். 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 121 ஆண்டுகள்; வகுத்தால் ஏறத்தாழ 23.5 மீட்டர்தான் வரும். யாரோ 121-க்குப் பதில் 21-ஆல் வகுத்திருக்கிறார்கள். ஒரு பத்தாம் வகுப்பு மாணவி பிடித்திருக்க வேண்டிய பிழை. வரைவைப் படித்த ஜப்பான் அரசுத் தரப்பு 2035 பற்றிய வரிக்கு ஆதாரம் என்ன என்று கேள்வி கேட்டும் இருந்தது. எழுதியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதைப் பெரியப்பா விட்டுவிடுகிறார். தொலைக்காட்சியில் 'எல்லாம் மோசடி' என்று கத்தியவர்கள் அல்லர். வெப்பமயமாதலை ஏற்றுக்கொண்ட பனிப்பாறை ஆய்வாளர்கள்தான். ஆஸ்திரியாவின் கேயார்க் காசர் 2006-இலேயே எச்சரித்ததாகச் சொன்னார். கனடாவின் கிரஹாம் கோக்லி மூலங்களை ஒவ்வொன்றாகத் துருவி, இன்னும் மூவரோடு சேர்ந்து சயின்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதினார். 2010 ஜனவரி 20-இல் ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. அதே 2007 அறிக்கையில், அறிவியல் அடிப்படையைப் பார்க்கும் முதல் பணிக்குழுவின் தொகுதியில், பனிப்பாறை ஆட்களே எழுதிய அத்தியாயத்தில், 2035 என்ற பேச்சே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்திருக்கிறது. ஒன்றில் என்ன கொதிக்கிறது என்று மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

இனி நம் நாட்டுக் கதை. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா எழுதிய விவாத அறிக்கையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். வெப்பமயமாதலால் இமயப் பனிப்பாறைகள் அசாதாரணமாகப் பின்வாங்குகின்றன என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்பது அதன் சாரம். ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதை 'வூடூ அறிவியல்', அதாவது மாந்திரீக அறிவியல் என்று ஏசினார். பதவியில் இருப்பவர் பேசும் பேச்சா அது? இரண்டு மாதத்தில் அவர் குழுவே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் 2035 பொய் என்றானதால் ரெய்னாவின் முடிவு சரி என்றும் ஆகிவிடாது. அவர் பெரிதும் நம்பியது பனிப்பாறையின் முகப்பு, அதாவது கங்கோத்ரி பனிப்பாறையின் கோமுக் போல நீர் வெளியே வரும் நுனி, ஆண்டுக்கு எவ்வளவு பின்னால் போகிறது என்பதை. நான் இமாச்சலத்தின் லாஹௌல் பக்கம் ஒரு பனிப்பாறையில் அளவைக் குழுவோடு சில பருவங்கள் வேலை பார்த்தவன். நுனியை நம்பி அங்கே யாரும் கணக்கு எழுதுவதில்லை. நீராவித் துளைப்பானால் பனிக்கட்டியில் ஆழமாக ஓட்டை போட்டு, துண்டு துண்டாகக் கட்டிய மூங்கில் கம்புகளை இறக்குவோம். கோடை முடிந்ததும் போய் எவ்வளவு கம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளப்போம். அவ்வளவு பனிக்கட்டி கரைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே பனி சேரும் பகுதியில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காக எடை போடுவோம். வந்ததையும் போனதையும் கழித்தால்தான் ஆண்டுக் கணக்கு. கல்லும் மண்ணும் மூடிய பனிப்பாறைகளில் நுனி நகராமல் அப்படியே நிற்கும். உடம்பு மட்டும் மேலிருந்து மெலிந்துகொண்டே வரும். கீழே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

2019-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, பிறகு ரகசியம் நீக்கப்பட்ட பழைய படங்களைப் புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டு, சுமார் 650 பனிப்பாறைகளைப் பார்த்தார்கள். 1975 முதல் 2000 வரை இருந்த ஆண்டுச் சராசரிப் பனி இழப்பைவிட 2000 முதல் 2016 வரையிலான ஆண்டுச் சராசரி இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2035-இல் தீர்ந்துவிடாது. ஆனால் தேய்வது நிச்சயம்.

கொள்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெய்னா அறிக்கையை வெளியிட்ட அதே ஜெய்ராம் ரமேஷ், ஒரு மாதம்கூட ஆகாமல், 2009 டிசம்பர் 3-இல் மக்களவையில் எழுந்து, 2005-ஐ ஒப்பிட 2020-க்குள் நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியேறும் பசுங்குடில் வாயுவின் அளவை 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். பனிப்பாறை வரியைச் சந்தேகித்தவர்தான் அறிவித்தார். ஒரு வரி பொய்த்தால் அந்த வரியை மட்டும் அடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் நடந்தது வேறு. 2009 டிசம்பர் 7-இல் அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பசுங்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்கு ஆபத்து என்று முடிவெடுத்தது. அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வந்த மனுக்களில் நம் இமயமலை வரியும் ஓர் ஆயுதம். 2010 ஜூலையில் முகமை அவற்றைத் தள்ளியது. 2012-இல் நீதிமன்றமும் முகமையின் முடிவை உறுதி செய்தது.

பதில் 2: சும்மா விடமாட்டேன்

எல்லாம் சரி ஐயா. இரண்டு மாதம் தலைவரே வசைபாடிவிட்டுப் பிறகு 'வருந்துகிறோம்' என்றால் சாதாரண மனிதன் எதை நம்புவான்? பத்திரிகைச் செய்தியை ஆதாரமாக வைத்து எழுதும் குழுவை நம்பி என் மின்கட்டணம் ஏற வேண்டுமா? கேள்வி கேட்பவனை எல்லாம் நிலக்கரிக் கம்பெனியின் கைக்கூலி என்று சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது.

பதில் 3: மூங்கில் கம்பு

கேள்வி கேட்பவனைக் கைக்கூலி என்று நான் சொல்லவில்லை. ரெய்னாவும் கைக்கூலி அல்லர், அந்த மலைகளில் நடந்தே தேய்ந்த மனிதர். பச்சௌரி பேசியது தவறு, அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. அதனால்தான் 2010-இல் ஐ.நா.வும் ஐ.பி.சி.சி.யும் கேட்டுக்கொள்ள, பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு அந்தக் குழுவையே தணிக்கை செய்தது. ஆய்விதழில் வராத ஆவணங்களை எப்படிக் கையாள்வது, மறுப்புக் கருத்துகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பரிந்துரைகள் வந்தன. மின்கட்டணத்துக்கும் பிண்டாரி அட்டவணைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

பதில் 4: வான் அளவை

ஐயப்படுபவர்கள் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, அதையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில், அப்போது நாசாவில் இருந்த ராய் ஸ்பென்சர், அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் கிறிஸ்டி என்ற இருவர் 1990-இல் செயற்கைக்கோள் வழியாக வளிமண்டல வெப்பநிலையை அளந்து காட்டினார்கள். நல்ல வேலை, பெரிய வேலை. அதில் வெப்பம் ஏறியதாகவே தெரியவில்லை. 'தரையில் உள்ள வெப்பமானி பொய், வானத்தில் உள்ளது மெய்' என்று அரசியல்வாதிகள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

1998-இல், செயற்கைக்கோள் காற்றின் உராய்வில் மெல்லக் கீழிறங்குவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வேறொரு குழு காட்டியது. 2005-இல் இன்னொன்று: செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும் அல்லவா? அதற்கான திருத்தத்தில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி. இருவரும் ஏற்றுத் திருத்தினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். இன்று அவர்களுடைய சொந்தப் பதிவே பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.15 டிகிரி ஏற்றம் காட்டுகிறது. ஆனால் திருத்தம் வருவதற்குள் எத்தனை விசாரணைக் குழுக்களில் அந்தப் பழைய கோடு காட்டப்பட்டது! 2025-இல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஐந்து பேர் எழுதிய ஐயவாத அறிக்கையிலும் இந்த இருவர் பெயர் உண்டு. மேலே சொன்ன அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2009 முடிவை ரத்து செய்ய முன்மொழிந்தபோது அந்த அறிக்கை துணைக்கு வந்தது.

பதில் 5: போல்ட் கம்பெனிக் கணக்கர்

நான் அறிவியலைச் சந்தேகிக்கவில்லை, கொள்கையைச் சந்தேகிக்கிறேன். ஐரோப்பாவுக்கு போல்ட், நட் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இறக்குமதியாகும் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்குக் கட்டணம் போடும் எல்லைக் கரிம வரி என்று ஒன்று கொண்டு வந்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள், 2026-இலிருந்து போகும் சரக்குக்குப் பணம். வாங்குபவர் ஒரு பெரிய விரிதாள் அனுப்புகிறார். கம்பிச் சுருள் எந்த உலையில் உருகியது, அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆனது என்றெல்லாம் கேட்கிறார். எங்களுக்குக் கம்பி விற்பவரைக் கேட்டால் 'வேண்டுமானால் வாங்கு, இல்லாவிட்டால் போ' என்கிறார். அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு 14 டன் அளவில் கரியமில வாயு விடுகிறார், நாம் 2 டன் அளவில். சுமை மட்டும் எங்கள் ஆலைக்கு. இதைக் கேட்டால் எனக்கும் 'மறுப்பாளர்' பட்டமா?

பதில் 6: மூங்கில் கம்பு

நிச்சயமாக இல்லை. உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே பலமான கேள்வி. பனி உருகுகிறதா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். யார் பணம் கட்டுவது என்பதை அளந்து சொல்ல முடியாது, பேசித்தான் தீர்க்க வேண்டும். இரண்டாவதில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் பலர் முதலாவதை மறுக்கிறார்கள். ஆசிரியை அவர்களே, உங்கள் பெரியப்பாவும் அனல் மின் நிலையத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பனிப்பாறையை விட்டுவிட்டு அதைப் பற்றியே அவரோடு பேசுங்கள்.

கணக்கரே, உங்கள் விஷயத்துக்கு ஒன்று. உலை விவரம் கொடுக்காவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போட்டுக் கணக்கிடுவார்கள், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். கம்பி விற்பவர் மசியவில்லை என்றால் ஆலைகள் நாலைந்து சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போனால் மதிக்கமாட்டார்.