மறு: ‘மரபணுக் குறைபாடு’ வேண்டாம், ‘மரபுவாகு’ எப்படி?

> எச்.ஐ.வி. மருந்து சிலருக்கு மட்டும் பக்கவிளைவு தருவதற்குப் பின்னால் இருக்கும் பரம்பரைக் கூறுக்கு ‘மரபணுக் குறைபாடு’ என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும்.

அட்டாசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் பாருங்கள். அதைச் சாப்பிடத் தொடங்கியதும் சிலருக்குக் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிடும். காமாலை என்று வீடே பதறும். கல்லீரலுக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை உடல் வெளியேற்ற உதவும் யூஜிடி1ஏ1 என்ற நொதியை அந்த மருந்து தடுக்கிறது, அவ்வளவுதான். இந்த நொதிக்கான மரபணுவின் முகப்பில் டி, ஏ என்ற டிஎன்ஏ ஈரெழுத்து வழக்கமாக 6 முறை அடுக்கி வரும். சிலருக்கு 7. தாய், தந்தை இருவழியிலும் 7 வந்திருந்தால் நொதி குறைவாகவே உருவாகும். இருக்கிற கொஞ்சத்தையும் மருந்து தடுத்தால் மஞ்சள் ஏறாமல் என்ன செய்யும்? மருந்தை மாற்றினால் வடிந்துவிடும்.

அந்த 7-ஐ வைத்துக்கொண்டு அதுவரை நன்றாகவே வாழ்ந்தவரைக் ‘குறைபாடு உள்ளவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எச்.ஐ.வி. என்ற பெயரைச் சுமப்பவர் தலையில் இன்னொரு பட்டம் எதற்கு?

ஏபிஓஏ5 என்ற மரபணுவின் மாறுபாடும் இதே கதைதான். அது இருப்பவருக்குச் சாதாரணமாகவே ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்; ரிட்டோனாவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்தால் எகிறிவிடும் வாய்ப்பு அதிகம். மரபணு பாதி, மருந்து பாதி. நமக்கு வேண்டிய சொல் அந்த முதல் பாதியை மட்டும் சொல்ல வேண்டும்.

‘மரபுச் சாய்வு’ மோசமில்லை, ஆனால் கணக்குப் பாட வாடை அடிக்கிறது. ‘முன்னிணக்கம்’ எனக்கே இரண்டாம் தடவை படித்தால்தான் பிடிபடுகிறது.

என் பரிந்துரை ‘மரபுவாகு’. உடல்வாகு என்று தினமும் சொல்கிறோம்; அதில் பழியும் இல்லை, புகழும் இல்லை. ‘வாகாக அமைந்தது’ என்கிறோமே, அந்தப் பொருளும் உள்ளே இருக்கிறது: பக்கவிளைவு வர வாகான மரபு. அபாகாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தின் ஒவ்வாமைக்கும் இது பொருந்தும். அதோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி 57:01 என்ற மரபணு வகை இருக்கிற எல்லாருக்கும் அந்த ஒவ்வாமை வருவதில்லை. வாகு இருக்கிறது, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாவுடின் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டி, கைகால் நரம்பு புடைத்துத் தெரிந்ததே, அதற்கெல்லாம் மரபுவாகைக் காட்டக் கூடாது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வைப் படியெடுக்கும் நொதியையே அந்த மருந்து கெடுத்தது; 2009-இல் உலக சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லியது. அங்கே மரபைப் பெரிதாகப் பேசினால் மருந்துக்கு வக்கீல் வேலை பார்த்ததாகிவிடும்.

அப்புறம், ‘மரபுவாகு சோதனை’ என்பதில் ஒற்று மிகுமா? நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் சந்தேகம். ‘மரபுவாகுச் சோதனை’தான் என் காதுக்கு நன்றாக இருக்கிறது, இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.