நாள்பட்ட தாடை வலி: பல் டாக்டரிடமா, மனநல ஆலோசகரிடமா?

வைகைக்கரை:
காதுக்கு முன்னால் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை ஏறும் வலி. காது டாக்டர் பார்த்துவிட்டு காதில் ஒன்றுமில்லை என்றார். பல் டாக்டர் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் பிளேட் (நைட் கார்டு) செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு படுத்தாலும் காலையில் தாடை இறுகித்தான் கிடக்கிறது. இப்போது இன்னொரு பல் டாக்டர், "உங்கள் கடிப்பே (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம்) சரியில்லை, கடைவாய்ப் பற்களைத் தேய்த்து கேப் போட்டால்தான் தீரும்" என்கிறார். தேய்த்த பல் திரும்ப வளருமா?

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கானது. அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவை: சிபிடி என்ற உளவியல் சிகிச்சை, பிசியோ மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தி விடுவது, வீட்டுப் பயிற்சியோடு நல்ல விளக்கமும் தைரியமும் சொல்வது. கழற்றி மாட்டும் பிளேட், போடாக்ஸ் ஊசி, லேசர் எல்லாம் 'வேண்டாம்' பக்கத்தில் இருக்கின்றன. கடிப்பை நிரந்தரமாக மாற்றிவிடும் பிளேட் கூடவே கூடாதாம். அப்படியிருக்க, நம் ஊரில் ஏன் முதலில் பிளேட், அடுத்து ட்ரில் என்றே போகிறது? உளவியலும் பிசியோவும்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி.

ஈரோட்டுப் பல்வைத்தியர்:
சகோதரி, கேப் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வலிக்காக நல்ல பல்லைத் தேய்க்க விடாதீர்கள். மற்றதில் மாறுபடுகிறேன்.

அந்த வழிகாட்டுதலில் 'வேண்டாம்' இரண்டு விதம். கழற்றும் பிளேட்டுக்குச் சொன்னது தளர்வான 'வேண்டாம்'. ஆளைப் பார்த்து முடிவு செய்ய இடம் உண்டு. அதுவும் வலியை வைத்துச் சொன்னது. தூக்கத்தில் நறநறவென்று கடித்து, எனாமல் போய், தண்ணீர் பட்டாலே கூசுகிறது என்று வருபவருக்கு நான் பிளேட் கொடுப்பது பல்லைக் காப்பாற்ற.

இன்னொன்று. வாய் திறக்க முடியவில்லை என்று வரும் இளைஞர்களின் கன்னத்துக்குள் விரலை விட்டால், பாதிப் பேருக்கு உள்தோல் வெளுத்து நார் நாராகத் தட்டுப்படும். பாக்கும் பான் மசாலாவும் செய்த வேலை. பின்னாளில் வாய்ப்புற்றாகக்கூடிய நோய் அது. அவரை நேரே மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் என்ன ஆகும்? முதலில் ஒரு பல் டாக்டர் வாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

கொங்குத்தம்பி:
டாக்டர் சொல்வதை அப்படியே ஆதரிக்கிறேன். என் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. சாப்பிடும்போது தாடை வலிக்கும், நிறுத்தினால் குறையும். தலை வாரினால் மண்டைத்தோல் வலிக்கும். போன இடமெல்லாம் "டென்ஷன், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கடைசியில் ஒரு பொது மருத்துவர் ஈஎஸ்ஆர் என்ற, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எழுதினார். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் அழற்சி. அன்றே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும். அதனால் தாடை வலி என்று சொன்னதும் யாராவது மனசைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

திருச்சி மனநலம்:
தம்பி, உங்கள் அம்மாவுக்கு யாரும் உளவியல் சிகிச்சை கொடுக்கவில்லை. பரிசோதிக்காமல் தட்டிக்கழித்திருக்கிறார்கள். உங்கள் கோபம் நியாயம். ஐம்பது வயதுக்கு மேல் அப்படிப் புதிதாக வலி வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். இரண்டு பேச்சில்லை.

ஆனால் சிபிடி என்பது "கவலைப்படாதே" என்று சொல்வதல்ல. முதல் வாரம் நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான்: போன் உறையில், கம்ப்யூட்டர் திரை ஓரத்தில், சமையலறைக் குழாய்க்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். அது கண்ணில் படும்போதெல்லாம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். உதடு மூடி, பற்கள் சற்று விலகி, நாக்கு மேலே தளர்வாக இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. ஒருவர் வண்டி ஓட்டும் நேரம் முழுக்க ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டே போய்வந்ததைக் குறிப்பேட்டில்தான் கண்டுபிடித்தார். அதற்கு இரவு பிளேட் என்ன செய்யும்? அப்புறம்தான் பயம். கொட்டாவி விட்டால் தாடை கழன்றுவிடும் என்று கஞ்சியும் இட்லியுமாகவே வாழ்கிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தைப் படிப்படியாகக் குறைத்து, மென்று சாப்பிட வேண்டியதை மென்று சாப்பிட வைப்பதும் சிகிச்சைதான்.

கடிப்புதான் காரணம் என்ற எண்ணம் 1934இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் எழுதிய கட்டுரையிலிருந்து வலுப்பெற்றது. பற்கள் விழுந்து தாடை அமுங்கி, காதுப் பக்கம் அழுத்துகிறது என்றார். உடற்கூறியல் அதைத் தாங்கவில்லை. 1969இல் டேனியல் லாஸ்கின் தசைச் சோர்வையும் மன அழுத்தத்தையும் முன்னே கொண்டுவந்தார். தாடைக் கோளாறுகளை வகைப்படுத்த 1992இல் வந்த ஆய்வு அளவுகோலே இரண்டு அச்சு கொண்டது: ஒன்று மூட்டும் தசையும், மற்றது மனமும் வாழ்க்கைப் பாதிப்பும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி முப்பது வருடம் தாண்டிவிட்டது.

ஈரோட்டுப் பல்வைத்தியர்:
வரலாறு சரி. ஆனால் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வையும் சொல்லுங்கள். உளவியல் சிகிச்சையால் வலி கொஞ்சம் குறையலாம், ஆதாரத்தின் உறுதி குறைவு என்றுதான் முடித்தார்கள். பிளேட்டுக்கு ஆதாரம் போதாது என்று தள்ளினால், அதே தராசை உங்களுக்கும் வைக்க வேண்டாமா?

திருச்சி மனநலம்:
வையுங்கள் டாக்டர். வழிகாட்டுதலுக்கு அடிப்படையான 2023 ஆய்வு 153 சோதனைகளை, 8,713 பேரை, 59 வகைச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. காக்ரேன் பார்த்த சோதனைகள் மிகக் குறைவு. பலனில் முன்னால் வந்தவை பெரும்பாலும் நோயாளியே கற்றுக்கொண்டு செய்பவை.

வைகைக்கரை:
தராசு என்றால் கெடுதலையும் வைக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் விடெக் நிறுவனத்தின், தாடை மூட்டுக்குள் பொருத்தும் டெஃப்லான் செயற்கை உறுப்புக்கு 1983இல் அனுமதி கிடைத்தது. அது உள்ளேயே சிதைந்து, எலும்பை அரித்து, 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகு மறுபடி மறுபடி அறுவைக்குப் போனார்கள். சிபிடி பலிக்காவிட்டால் நேரமும் பணமும் போகும். பல் போகாது, எலும்பும் போகாது.

ஈரோட்டுப் பல்வைத்தியர்:
அதை மறுக்க மாட்டேன். கேப் போடச் சொன்னவரிடம் இதைக் கேளுங்கள்: வலி தசையிலா, மூட்டிலா, எந்த இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்று பார்த்தாரா? வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று குறித்தாரா? பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் என் ஊரைச் சுற்றி வலிக்கு சிபிடி செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெயர் தெரிந்தால் எழுதி அனுப்ப நான் தயார். அதுவரை கழற்றும் பிளேட்டை நிறுத்தப் போவதில்லை.

திருச்சி மனநலம்:
வீடியோவில் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறேன். நீங்கள் விரல் வைத்துப் பார்த்து மற்ற நோய்களை விலக்கிவிட்டு அனுப்புங்கள். பிளேட் கொடுத்தாலும் அதோடு பயிற்சித் தாளையும் கொடுங்கள். பிளேட் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கொங்குத்தம்பி:
பயிற்சித் தாள் இருந்தால் இங்கே போடுங்கள் மேடம். அம்மாவுக்கு இல்லை, என் மனைவிக்கு. அவளும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். வாயை நாளைக்கே பல் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்.