‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ எழுதி மாட்டிக்கொண்ட கதைகள்

ஏற்றுமதிக் கணக்கர்:
வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான கடிதத்தை வழக்கம்போல் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடித்து மேலாளரிடம் வைத்தேன். ‘மீட்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘மீட்டிங்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். ஏதோ கூட்டத்துக்கு அழைக்கிறார் என்று எண்ணி, குறிப்பேடும் பேனாவுமாக அவர் அறைக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். “என்ன சார், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது.

வேலை தேடியவள்:
நான் விண்ணப்பங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றே எழுதி வந்தேன். கணினி அதன் கீழே நீலக்கோடு போட்டது. ‘டு’வுக்குப் பின் வினைச்சொல் மாறாது என்று பள்ளியில் உருப்போட்டிருந்ததால், கணினிக்குத்தான் இலக்கணம் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மேலே எழுதிய அம்மணி பள்ளியின் மேல் பழி போடுவதை ஏற்க இயலாது. ‘வான்ட் டு கோ’ என்பதில் அந்த விதி சரியே. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில் வரும் ‘டு’ முன்னிடைச்சொல் (ப்ரெபசிஷன்) என்பதால், அதன்பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ சேர்ந்த தொழிற்பெயரோதான் வர வேண்டும். ஐயம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘யுவர் ரிப்ளை’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ‘ஹியரிங்’ என்றே எழுதலாம். தமிழிலும் ‘சந்திக்க விரும்புகிறேன்’ என்போமே தவிர, ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று பொதுவாக எழுதுவதில்லை. ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்றே எழுதுகிறோம். ‘ஐ யூஸ்டு டு ரைட்’ என்றால் முன்பு எழுதி வந்தேன் என்றும், ‘ஐ ஆம் யூஸ்டு டு ரைட்டிங்’ என்றால் எழுதிப் பழகியவன் என்றும் பொருள்படுவதையும் இத்துடன் சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது. நானும் பணியில் சேர்ந்த புதிதில் பிழையாக எழுதியவன்தான், அதை விடுங்கள்.

அலுவலக உதவியாளர்:
ஐயா, நீங்கள் விட்ட இடத்தில்தான் கதையே இருக்கிறது! இதே விளக்கத்தைக் கேட்ட மறுநாள் எனக்கு எல்லா ‘டு’வும் பிழையாகத் தெரிந்தன. ‘ஐ வுட் லைக் டு மீட்டிங் யூ’ என்று இயக்குநருக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அவரும் ‘விச் மீட்டிங்?’ என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.