சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் மனை வாங்கலாமா?

கேள்வி:
2015-ல் அடையாறு பொங்கி அந்த வட்டாரமே மூழ்கியது தெரியும். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார் புரோக்கர். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில் 1:
இப்போது கொடுக்காதீர்கள் சார். அங்கீகாரத்தோடு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருந்தால் அதைக் கேட்டு வாங்கி முழுதாகப் படியுங்கள், மனையை எவ்வளவு உயரம் மண் கொட்டி உயர்த்த வேண்டும், மழைநீர் எங்கே வடிய வேண்டும் என்றெல்லாம் அதில்தான் நிபந்தனை இருக்கும். காகிதத்தில் இருப்பது தரையில் நடந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பதில் 2:
அப்புறம் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு இரண்டையும் அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். பக்கத்து சர்வே எண் ஓடை, வாய்க்கால் என்று இருந்தால், மேலே ரோடே போட்டிருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

பதில் 3:
எனக்கு இந்த உயர்த்தும் நிபந்தனை மேலேயே கோபம். புது மனையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்துப் பழைய வீட்டுக்குள்தானே போகும்? எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. மனை மனையாகப் பார்க்காமல், மழைநீர் வடிந்து சேரும் வடிநிலம் முழுவதையும் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும்.

கேட்டவர்:
சரி, முதலில் பதிவேட்டை எடுக்கிறேன். நன்றி.