தையல் லைனில் ரீல்ஸ்: போனைப் பூட்டி வைப்பதா, வேறு வழி உண்டா?

பல்லடம்_ரோடு கேட்டது:

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபேக்டரி மேனேஜராக இருக்கிறேன். கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை 120 பேர். போன வாரம் செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் டீ டைமில் பாட்டுக்கு வாயசைத்து இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டிருக்கிறார், 15 விநாடிதான். ஆனால் பின்னால் டேபிளில் அடுக்கி இருந்தது அடுத்த சீசனுக்குப் போக வேண்டிய குழந்தைகள் செட், பிரிண்டும் தெரிகிறது, கழுத்து லேபிளும் தெரிகிறது. இன்னும் கடைக்கே வராத டிசைன். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பார்த்துச் சொன்னதும் நீக்கச் சொன்னேன், அந்தப் பெண்ணும் நீக்கிவிட்டார், ஆர்டர் கொடுத்த பையர் கண்ணில் படவில்லை.

இப்போது முதலாளி, காலையில் கேட்டிலேயே எல்லார் போனையும் வாங்கிப் பூட்டு, மீறினால் சம்பளத்தில் 500 ரூபாய் பிடி என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆர்டர் போனால் 120 பேருக்கும்தான் வேலை போகும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. உங்கள் கம்பெனிகளில் என்ன செய்கிறீர்கள்?

ஓவர்லாக்_அக்கா:

தம்பி, தயவுசெய்து பூட்டாதீர்கள். முன்பு நான் இருந்த கம்பெனியில் அப்படித்தான், காலை எட்டரைக்குப் போனைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் திரும்ப வரும். ஒருநாள் வாங்கிப் பார்க்கிறேன், பள்ளிக்கூடத்தில் இருந்து 11 மிஸ்டு கால். பையனுக்கு மத்தியானமே காய்ச்சல் ஏறி, பக்கத்து வீட்டு அம்மாதான் போய்த் தூக்கி வந்திருக்கிறார். அந்த வாரமே வேலையை விட்டு நின்றேன். நாங்கள் பீஸ் ரேட்டில், அதாவது தைக்கிற உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைக்கிறவர்கள், மிஷினில் உட்கார்ந்து போன் பார்த்தால் எங்கள் கூலிதான் குறையும், அது எங்களுக்கே தெரியும். எந்தத் துணியைப் படம் எடுக்கக் கூடாது, ஏன் கூடாது என்று எங்களிடம் இதுவரை யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

ஹெச்ஆர்_கோவை:

500 ரூபாய் பிடிப்பது சட்டப்படி நிற்காது. அபராதம் ஒரு மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 360 ரூபாய்தான். அதுவும் எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அந்த ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். அப்புறம், சந்தேகம் என்று சொல்லி சூப்பர்வைசர் ஒரு பெண்ணின் போனை வாங்கி கேலரியைத் தட்டிப் பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது, அதை மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது, சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அது அவருடைய வீட்டுக்குள் நுழைவது மாதிரி.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழில், வடமாநிலத்து ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும். சாம்பிள் ரூம், கட்டிங் டேபிள், லேபிள், துணியில் தொங்கும் அட்டையான ஹேங் டேக், பெட்டி மேல் இருக்கும் ஆர்டர் நம்பர், இவை படத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான். சம்பளம் லேட், கழிப்பறை சரியில்லை என்று யாராவது ஃபேஸ்புக்கில் எழுதினால் அதை இந்த விதிக்குள் கொண்டுவராதீர்கள். அது புகார், புகாராகவே கேளுங்கள்.

பின்னல்_25வருஷம்:

டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம், அடுத்த மாதமே எல்லாரும் ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள். அதனால் ஆப்பைத் துரத்திப் பிரயோஜனம் இல்லை. நாங்கள் கேன்டீன் பக்கத்தில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, படம் எடுப்பதானால் இங்கே எடுங்கள் என்று சொல்லிவிட்டோம். ஆபீஸ் நம்பரை எல்லார் வீட்டுக்கும் கொடுத்தோம், அவசரம் என்று கால் வந்தால் ஐந்து நிமிஷத்தில் மிஷினுக்கே ஆள் போகும். லைனுக்குள் போன் பையில் இருக்கலாம், கையில் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் டிசைன் வெளியே போன ஒரு தடவை, போனது லைனில் இருந்து இல்லை. பிரிண்டிங் வேலையை வெளியில் கொடுத்துச் செய்கிற ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவதற்காக எடுத்த சாம்பிள் போட்டோவை ஆபீஸ் ஸ்டாஃப் ஒருவர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருக்கிறார், நல்லா வந்திருக்கே என்ற சந்தோஷத்தில். ஆபீஸ் ஆட்கள் போனைக் கேட்டில் யாரும் வாங்குவதில்லையே. விதி போட்டால் முதலாளி வரைக்கும் போடுங்கள்.

பல்லடம்_ரோடு:

எல்லாருக்கும் நன்றிங்க. கடைசிப் பதிலைப் படித்துவிட்டு என் போனைப் பார்த்தேன், அதே பிரிண்ட் மூன்று ஜாப் ஒர்க் குரூப்பில் கிடக்கிறது, ஒன்றில் யார் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் முதலாளியிடம் காட்டினேன். பூட்டுவது இப்போதைக்கு நின்றது, அபராதமும் இல்லை. அந்தச் செக்கிங் பெண்ணையும் கூப்பிட்டுப் பேசினேன், லேபிள் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. டீ டைமில் டேபிள் மேல் ஒரு துணி போர்த்திவிடட்டுமா என்று அவரே கேட்டார். வேஸ்ட் துணியில் எட்டு மீட்டர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.