செட் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர் 1.15, ஆனா ரேஞ்ச் இல்லை

மண்டபம்_விஎச்எஃப்:
விசைப்படகு, 25 வாட் விஎச்எஃப் செட், 15 மீட்டர் ஆர்.ஜி-58 (50 ஓம் கோஆக்ஸ் கேபிள்). மேலே நாலு ரேடியல் (அடியில் விரியும் கம்பி) படுக்கையா இருக்கிற கால் அலை ஆன்டெனா. 156.8 மெகாஹெர்ட்ஸில் நானோ விஎன்ஏ-வை (ஆன்டெனா, கேபிளை அளக்கும் சின்னக் கருவி) ஆன்டெனா அடியிலேயே வச்சா 25 ஓம், ரியாக்டன்ஸ் இல்லை. நடுவில் 16 செ.மீ. கேபிள் துண்டு போட்டா 40 + ஜெ30 (40 ஓம், கூடவே 30 ஓம் ரியாக்டன்ஸ்), 32 செ.மீ. போட்டா 100 ஓம். எதை நம்புறது? செட் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர் (அலை எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டும் எண், 1-னா எதுவும் திரும்பலை) 1.15 தான் காட்டுது.

பாம்பன்_கோஆக்ஸ்:
மூணுமே சரி. ஆர்.ஜி-58-க்குள் அலைநீளம் 1.26 மீட்டர் (வேகக் காரணி 0.66, அதாவது உள்ளே அலை ஒளி வேகத்தில் 0.66 பங்கில் போகும்). திரும்பி வரும் அலையின் கட்டம் நீளத்துக்கு நீளம் மாறும். அதனால எட்டில் ஒரு பங்கில் 40 + ஜெ30, கால் பங்கில் 100, அரையில் மறுபடி 25. பிரதிபலிப்புக் கெழுவின் (போற அலையில் திரும்பி வர்ற பங்கு) அளவு மூணுக்கும் 1/3, எஸ்.டபிள்யூ.ஆர் 2. கேபிளை வெட்டி வெட்டி இதைச் சரி பண்ண முடியாது. ரேடியல்களை 45 டிகிரி கீழே சாய்ங்க, 50 ஓம் பக்கம் வந்துடும்.

தொண்டி_ஆர்எஃப்:
எனக்கு இடிக்கிறது அந்த 1.15 தான். ஆன்டெனாவில் 2 இருந்தா ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வர்றது போறதை விட எவ்வளவு குறைவு) 9.5 டெசிபல். திரும்பி வர்ற அலையைக் கேபிள் தின்னா, செட் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர் குறைஞ்சு தெரியும். நல்ல ஆர்.ஜி-58 இந்த நீளத்துக்குப் போக 3, வர 3 தின்னும், செட்டில் 1.4 காட்டணும். 1.15-னா ஒரு வழிக்கே சுமார் 7 டெசிபல் போகுது. 25 வாட்டில் மேலே ஏறுறது 5 வாட்!

ஆன்டெனாவைக் கழட்டி கேபிள் முனையைத் திறந்து விட்டு, கீழே விஎன்ஏ-வில் பாருங்க (அப்போ பிடிடி-யை (பேசும் பட்டன்) தொடாதீங்க). எஸ்.டபிள்யூ.ஆர் 3 வந்தா கேபிள் நல்லது.

மண்டபம்_விஎச்எஃப்:
1.5 வருது. மேல் பிளக்கைப் பிரிச்சா பின்னல் கம்பி பச்சை பூத்து, தொட்டா உதிருது.

தொண்டி_ஆர்எஃப்:
உப்புத்தண்ணி இறங்கியிருக்கு. பின்னல் தந்துகி மாதிரி உறிஞ்சி மீட்டர் கணக்கில் இறக்கும், முனையை மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை. முழுசா மாத்துங்க, ஆர்.ஜி-213 போட்டா 15 மீட்டருக்கு சுமார் 1.3 டெசிபல்தான். ஈயம் பூசிய பின்னல் கிடைச்சா இன்னும் நல்லது.

பாம்பன்_கோஆக்ஸ்:
பிளக்கில் பின்னலைச் சுத்தி நாலு துளையிலும் ஈயம் பாயணும். மேலே செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை நல்லா இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுற மாதிரி கீழிருந்து மேலே சுத்துங்க. வெயிலுக்கு அதுமேல கறுப்பு பிவிசி டேப். புளிச்ச வாடை அடிக்கிற சிலிகான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னுடும். பேசிப் பார்க்கும்போது 16-ஐ விட்டு வேற சேனலுக்குப் போங்க, அது ஆபத்து அழைப்புக்கானது.